வழுக்கிக்கொண்டு வந்த கட்டி

போன வாரம் ஒரு இளம் சர்ஜன் மார்புக் கட்டி ஒன்றை எடுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்து, "பத்தே நிமிஷம் சார், விரலை விட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பயிற்சிக் காலத்தில் இதே வார்த்தையை இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன். மார்பில் வரும் அபூர்வக் கட்டிகளில் நாங்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கம் மாற்றி அறுப்பது போன்ற தவறுகளை எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

வேகமாக வளரும் கட்டியை ஃபைப்ரோஅடினோமா என்று நம்புவது

நாற்பதைத் தாண்டிய பெண். சில மாதங்களிலேயே கட்டி இரண்டு மடங்காகியிருந்தது. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட், ஃபைப்ரோஅடினோமா, அதாவது சாதாரணத் தீங்கற்ற மார்புக் கட்டி என்றது. சரி என்று விரலால் உருவி எடுத்தேன். பேத்தாலஜி அறிக்கையில் ஃபில்லோட்ஸ் என்ற அபூர்வக் கட்டி, அதில் தீங்கற்ற வகை. எடுத்த துண்டின் விளிம்பு முழுக்கக் கட்டியின் செல்கள். ஒன்றேகால் வருடத்தில் அதே தழும்புக்கு அடியில் திரும்பி வந்தது.

மார்புக் கட்டிகளில் ஃபில்லோட்ஸ் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 1838-ல் இதை விவரித்த யோஹன்னஸ் முல்லர் பெயரிலேயே சார்கோமா என்ற புற்றுநோய்ச் சொல்லைச் சேர்த்துவிட்டார். ஆனால் பெரும்பாலானவை தீங்கற்றவைதான். ஃபைப்ரோஅடினோமா சுற்றுத் திசுவை ஒதுக்கித் தள்ளி வளரும், உருவினால் வரும். ஃபில்லோட்ஸும் அப்படி வருவதுபோலக் காட்டும். ஆனால் அது பக்கத்துத் திசுவுக்குள் விரல்விரலாக நுழைந்திருக்கும். உருவும்போது அந்த விரல்கள் உள்ளேயே தங்கிவிடும். திரும்பி வருவது சில சமயம் முன்பைவிட மோசமான தரத்தில் வரும்.

இந்தக் கட்டியின் குணம் ஸ்ட்ரோமா என்ற தாங்குதிசுவில் இருக்கிறது. மெல்லிய ஊசியில் சுலபமாக வருவதோ குழாய்களின் உட்பக்கத்தை மூடும் எபிதீலியல் செல். அதனால் தடித்த ஊசியால் திசுத் துண்டையே எடுக்கும் கோர் பயாப்சி செய்யுங்கள். அதுவும் தவறலாம். ஆகவே எத்தனை மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று பேத்தாலஜிக்கு அனுப்பும் படிவத்தில் எழுதுங்கள். 'மார்புக் கட்டி' என்று இரண்டே சொல்லோடு வரும் படிவங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். சந்தேகம் தீரவில்லையா, உருவாதீர்கள். சுற்றிலும் நல்ல திசுவோடு முழுசாக எடுங்கள்.

பதறிப்போய் மறுபடி வெட்டுவது

எடுத்தாகிவிட்டது, தீங்கற்ற வகைதான், விளிம்பு மட்டும் குறுகல் என்றால் பல நேரம் நெருங்கிக் கண்காணித்தாலே போதும். இடைப்பட்ட பார்டர்லைன், புற்றான மேலிக்னன்ட் வகைகளின் கதை வேறு.

அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது

ஃபில்லோட்ஸுக்கு வழக்கமாகத் தேவையில்லை.

படத்தைப் பார்த்தே புற்றுநோய் என்று சொல்லிவிடுவது

பெரும்பாலும் தீங்கற்றதான கிரானுலர் செல் கட்டி மேமோகிராமில் முள்முள்ளாகத் தெரியும், தோலைக்கூட உள்ளிழுக்கும். பார்வைக்கு அச்சு அசல் புற்றுநோய் போலத்தான் இருக்கும். பயாப்சியில் எஸ்-100 என்ற புரதம் பாசிட்டிவ் என்று வந்ததும் கதை மாறிவிடும். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

டெஸ்மாய்டைக் கண்டதும் கத்தி எடுப்பது

டெஸ்மாய்டு என்ற நார்த்திசுக் கட்டி வேறு உறுப்புக்குப் பரவாது, இருக்குமிடத்தில் வேரோடும். சில தானாகவே சுருங்குவதால் முதலில் கண்காணிப்புதான்.

அப்புறம் அந்த இளம் சர்ஜன். பேத்தாலஜி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அனுப்பிய படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். 'மார்புக் கட்டி'.