பழைய பாக்கெட் கடிகாரம்: திறப்பதும் முள் திருப்புவதும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலி டவுன் ரத வீதியை ஒட்டிய ஒரு பழம்பொருள் கடையில் அமெரிக்க வால்தம் பாக்கெட் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். சாவி கொடுத்ததும் ஓடியது. ஆனால் சாவி கொடுக்கும் குமிழ் வெளியே வர மறுத்ததால் முள்ளைத் திருப்ப முடியவில்லை. "கொஞ்சம் பலமா இழுத்தா வந்துரும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். வீட்டில் குறடு கொண்டு இழுத்தேன்; உள்ளிருந்த தண்டோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்தத் தவறு உங்களுக்கு நேராதிருக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் பின்மூடியைத் திறக்க வேண்டும். விளிம்பில் கீல் இருந்தால், எதிர்ப்புறம் உள்ள சிறு உதட்டில் நகத்தை வைத்து நெம்பினால் போதும். கீல் இல்லாமல் விளிம்பு முழுவதும் வரிவரியாக இருந்தால் அது திருகு மூடியாக இருக்கலாம். இடப்புறமாகத் திருக வேண்டும். வழுக்கினால், கடைகளில் விற்கும் திறப்பான்களைவிடப் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு ரப்பரே சிறந்தது என்பது என் கருத்து. கத்தியை அருகில் கொண்டுவரவே வேண்டாம்.

மூடி திறந்ததும் இந்தப் பித்து ஏன் பிடிக்கிறது என்பது விளங்கிவிடும். நல்ல அமெரிக்கக் கடிகாரங்களின் உள்தகடுகளில் அலை அலையான கோலங்களை இழைத்திருப்பார்கள். சட்டைப்பையில் வைத்திருந்தவர் அதைப் பார்த்திருக்கவே வாய்ப்புக் குறைவு. பழுது பார்ப்பவர் மட்டுமே காணும் இடத்தில் அத்தனை வேலைப்பாடு. அதே தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்தம், எல்ஜின் போன்ற நிறுவனங்களின் எண்களைக் கொண்டு, ஏறத்தாழ எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அறியலாம். கூட்டின் மேல் உள்ள எண் வேறு. கூட்டைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனம் செய்திருக்கும். மூடியின் உட்புறம் '20 ஆண்டு உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது கடிகாரம் ஓடும் காலத்தைப் பற்றியதன்று. மேலே ஒட்டிய தங்கத் தகடு தேயாமல் இருக்கும் காலத்தைப் பற்றியது. ஆகவே அதை முழுத் தங்கம் என்று எண்ணி உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

இனி என்னை இடறிய படி. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிப்டன் என்னும் ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு, வெப் பால் என்னும் கடிகார வணிகரின் மேற்பார்வையில் ரயில்வே கடிகாரங்களுக்கான விதிகள் இறுகின. குமிழ் தற்செயலாக இழுபட்டு நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக, முள் திருப்பும் வேலையை முகப்பின் ஓரத்தில் மறைந்திருக்கும் ஒரு நெம்புகோலுக்கு மாற்றினார்கள். என் கடிகாரம் அந்த வகை. முன்கண்ணாடி வளையத்தை இடப்புறமாகத் திருகிக் கழற்றி, பெரும்பாலும் 1 மணிக்கும் 2 மணிக்கும் அருகில் தென்படும் மெல்லிய நாக்கை நகத்தால் மெதுவாக வெளியே இழுத்து, அதன் பிறகு குமிழைச் சுழற்றினால் முட்கள் நகரும். முடிந்ததும் நாக்கை உள்ளே தள்ளிவிட்டே கண்ணாடியை மூட வேண்டும்.

சாவியை மெதுவாக, தடை தெரியும் வரை கொடுங்கள். முழுச் சாவி கொடுத்தும் ஓடாத கடிகாரத்தை 'சாவி மிகுந்து கெட்டது' என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் பழைய எண்ணெய் இறுகிப் பிசின்போல் ஆகியிருக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடுவது நோயை முற்ற வைப்பதுதான். பிரித்துச் சுத்தம் செய்யும் கைகளிடம் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணிக் கரை வீடுகளில் ஈரம் தங்கும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

பின்சேர்க்கை: அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், தம் தாத்தாவின் சுவிஸ் கடிகாரத்தில் நாக்கும் இல்லை, குமிழும் வெளியே வரவில்லை என்று எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, குமிழின் பக்கத்தில் கூட்டின் விளிம்பில் கடுகளவு பொத்தான் ஒன்று தெரிந்தது. அதை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டே குமிழைச் சுழற்ற வேண்டும். விட்டுவிட்டால் மீண்டும் சாவி ஏறத் தொடங்கும்.