மேலதிகாரி கட்டம் கட்டும்போது: நம் பக்கத்தை நாமே பலவீனமாக்கும் தவறுகள்

மேலதிகாரியின் கொடுமையைப் பற்றிப் புகார் கொடுத்தவரிடம் விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்வி "எப்போது நடந்தது?" என்பதுதான். "எப்போதுமே இப்படித்தான் நடத்துவார்" என்று பதில் வந்தால் பாதிப் புகார் அங்கேயே சரிந்துவிடும். சொல்வது முழு உண்மையாக இருந்தாலும் இதுதான் நிலைமை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குகிறார் என்ற குற்றச்சாட்டு மூன்று தேதிகளின் மேல் நிற்கிறது: நீங்கள் என்று புகார் கொடுத்தீர்கள், அது மேலதிகாரிக்கு என்று தெரிந்தது, அதன்பின் என்று முதல் நடவடிக்கை வந்தது. கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றையாவது நம் கையிலிருந்து நழுவவிடுபவை.

குறிப்பேட்டில் வேதனையை மட்டும் எழுதுவது

"இன்றும் கேவலப்படுத்தினார்" என்ற வரி எழுதியவருக்கு ஆறுதல் தரும், விசாரிப்பவருக்கு உதவாது. எழுத வேண்டியது இப்படி: "4.3.2025, செவ்வாய், காலை 10.20. வாராந்தரக் கூட்டம். என்னைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள் (பெயர்கள்). ‘உனக்குச் சம்பளம் கொடுப்பதே தண்டம்’ என்றார். அறிக்கையில் என்ன பிழை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்தவரிடம் பேசத் தொடங்கினார். அறிக்கையை முந்தைய நாள் மாலை 5 மணிக்கே அனுப்பியிருந்தேன்." அவர் சொன்ன சொல் அப்படியே வர வேண்டும். அந்த வேலையின் நிலை என்ன, அந்தச் சம்பவத்தால் என்ன பாதிப்பு என்பதும் வர வேண்டும்.

அன்றன்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரே மூச்சில் எழுதிய பட்டியலைவிட, நடந்த நாளிலேயே எழுதியதற்கு எங்கும் மதிப்பு அதிகம். பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் இன்றைய தேதியிட்டுத் தனியாகச் சேருங்கள். நீங்கள் பதிலுக்குக் குரல் உயர்த்தியிருந்தால் அதையும் எழுத வேண்டும். அதை மறைத்தது குறுக்குக் கேள்வியில் வெளிப்பட்டால் மற்ற பக்கங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இந்தக் குறிப்பை அலுவலகக் கணினியில் வைப்பது இன்னொரு தவறு. உங்களை நீக்கும் நாளில், பல இடங்களில் அந்தச் செய்தி உங்களை வந்தடையும் முன்பே, கணக்கு முடக்கப்பட்டிருக்கும். தாள் கிழிக்க முடியாதபடி தைத்த நோட்டுப் புத்தகம் போதும். அல்லது சொந்த மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அனுப்பிய நேரம் தானாகப் பதிவாகும்.

அதற்காக அலுவலகக் கோப்புகளையெல்லாம் சொந்த முகவரிக்கு அனுப்பிக் குவிக்காதீர்கள். பதற்றத்தில் பலர் செய்வது இதுதான். வாடிக்கையாளர் விவரமோ உள் ஆவணமோ அதில் இருந்தால், மேலதிகாரியின் நடத்தை மறந்துபோய் ரகசியத் தகவலை வெளியே எடுத்த குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்ல நேரும். அத்தகைய ஆவணங்களுக்கு தலைப்பு, அனுப்பியவர், தேதி, இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். விசாரணையில் "இன்ன தேதி மின்னஞ்சலை எடுத்துப் பாருங்கள்" என்று கேட்கலாம். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, ஆண்டு மதிப்பீடு, உங்களுக்கு வந்த மெமோ ஆகியவை உங்களைப் பற்றிய தாள்கள். அவற்றின் நகலை முன்கூட்டியே பெற்று வீட்டில் வையுங்கள்.

கண்டிப்பையும் கொடுமையையும் ஒரே மூட்டையில் கட்டுவது

இறுக்கமான கெடு, பிழையைச் சுட்டிக்காட்டுவது, காரணத்தோடு வந்த குறைந்த மதிப்பெண் ஆகியவை கசக்கும். ஆனால் கொடுமை ஆகாது. அதே விதி மற்றவர்களுக்கும் உண்டா? தவறு எது என்று சொல்லித் திருத்த வாய்ப்பு தந்தார்களா? விமர்சனம் வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் மேலதிகாரிக்குச் சாதகமாக வரும் சம்பவங்களைப் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏழு வலுவான சம்பவங்களோடு மூன்று பலவீனமானவற்றைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு அந்த மூன்றைப் பற்றியே பேசும்.

பணியிடக் கொடுமையை 1980களில் ஸ்வீடனில் ஆய்வு செய்த ஹைன்ஸ் லேமன், வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்வது என்று ஓர் அளவுகோல் வைத்தார். அது ஆய்வுக்கான அளவுகோல். அதைப் படித்துவிட்டு ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் வன்முறையாகவும் துன்புறுத்தலாகவும் கொள்ள இடம் தருகிறது.

வாய்மொழியோடு விட்டுவிடுவது

வாய்மொழியாக உத்தரவிட்டுப் பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பது பழைய உத்தி. பேச்சு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று காலை 11 மணிக்கு நாம் பேசியதன்படி, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய அறிக்கையை நாளை மாலைக்குள் தர வேண்டும் என்று புரிந்துகொண்டேன். தவறாக இருந்தால் தெரிவிக்கவும்." குற்றச்சாட்டு தொனி ஒரு சொல்லிலும் இருக்கக் கூடாது. அவர் மறுத்து எழுதாவிட்டால் அதுவே பதிவு. இரவு பத்து மணிக்குக் கொதிப்பில் அனுப்பும் வாட்ஸ்அப் பதிலும் இதேபோல் நிரந்தரப் பதிவுதான், ஆனால் உங்களுக்கு எதிரானது.

புகாரை உணர்ச்சிக் கடிதமாக எழுதுவது

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இது. புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி வரிசையில் ஐந்தாறு சம்பவங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, சாட்சியின் பெயர், இணைப்பு எண். அவரது குணம் எப்படிப்பட்டது, மனநிலை என்ன என்ற ஆராய்ச்சி வேண்டவே வேண்டாம். கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: விசாரணை, விசாரணை முடியும்வரை வேறொருவருக்குக் கீழ் பணி, மதிப்பீட்டை மற்றொரு அதிகாரி செய்வது, புகாருக்காகப் பழிவாங்கக் கூடாது என்ற எழுத்துபூர்வமான உறுதி. "நியாயம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் எதை நிறைவேற்றுவது என்று யாருக்கும் தெரியாது.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது சட்டத்தின் முன் கனமானது. பல நாடுகளில் மேலதிகாரி கத்துவதும் அவமதிப்பதும் மட்டுமே சட்டமீறல் ஆகாது. அமெரிக்காவில் பொதுவான பணியிடக் கொடுமையைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு பெரும்பாலும் பாலியல் துன்புறுத்தல், பால், மதம், இனம், மாற்றுத்திறன், கர்ப்பம் ஆகியவற்றால் வந்த பாகுபாடு, சம்பள பாக்கி, பாதுகாப்பு விதிமீறல், முறைகேடு போன்ற விஷயங்களில் புகார் கொடுத்தவருக்கே கிடைக்கிறது. உண்மையிலேயே அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்தச் சொல்லை நேராக எழுதுங்கள். "மோசமாக நடந்துகொள்கிறார்" என்று மழுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமலே போகலாம். நடக்காததைச் சேர்க்கவும் கூடாது.

நேரில் கொடுத்தால் நகலில் பெறுநரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தண்டனை கொடுத்தவருக்குப் புகாரே தெரியாது என்பதுதான் பழிவாங்கல் வழக்குகளில் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதை முறியடிப்பது அந்த ஒப்புதல்தான்.

மனிதவளத் துறையினர் கனிவாகப் பேசலாம், நேர்மையாகவும் இருக்கலாம். அவர்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம். "நமக்குள் இருக்கட்டும்" என்று அங்கே எதையும் சொல்லாதீர்கள். கேட்டதும் நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கலாம்.

முன்–பின் ஒப்பீடு இல்லாமல் புகாரில் இறங்குவது

பழிவாங்கல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நிர்வாகக் காரணம்" என்ற பெயரில் பணிமாற்றம் வரும். பத்து நிமிடத் தாமதத்துக்கு முதல் முறையாக மெமோ வரும். கூட்ட அழைப்பில் உங்கள் பெயர் மட்டும் விடுபடும். நல்ல மதிப்பீடு திடீரென்று சரியும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணம். ஆகவே புகாருக்கு முன்பே கடந்த மூன்று ஆண்டு மதிப்பீடுகள், பாராட்டு மின்னஞ்சல்கள், விடுப்பு ஒப்புதல்கள், ஷிப்ட் அட்டவணை ஆகியவற்றின் நிலையைக் குறித்து வையுங்கள். புகாருக்குப் பின் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள்: முன்பு எப்படி, இப்போது எப்படி. அதே பதவியில் உள்ள மற்றவர்கள் அதே பத்து நிமிடம் தாமதமாக வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேருங்கள். எல்லோருக்கும் இருக்கும் விதி உங்களுக்கு மட்டும் திடீரென்று உயிர்பெற்றது என்று காட்டுவதில்தான் வலு இருக்கிறது.

கோபத்தில் வேலையை நிறுத்துவது

உத்தரவு அநியாயம் என்பதற்காகச் செய்யாமல் விட்டால், கீழ்ப்படியாமை என்ற நல்ல காரணத்தை நீங்களே கொடுத்ததாகும். செய்துவிட்டு, ஆட்சேபத்தை எழுத்தில் பதியுங்கள். உயிருக்கு ஆபத்தான வேலையும் சட்டவிரோதமான வேலையும் விதிவிலக்கு. அங்கே மறுப்பதற்கான காரணத்தை உடனே எழுத்தில் கொடுங்கள். மெமோவுக்குக் குறித்த நாளுக்குள், குற்றச்சாட்டு வாரியாக, பதில் சொல்லுங்கள். அவகாசம் போதாவிட்டால் அதை எழுதிக் கேளுங்கள். எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியிடலாம். சமரச ஒப்பந்தம் போன்றவற்றில் அந்த மேசையிலேயே கையெழுத்திட வேண்டாம்.

ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்வதற்கு முன் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிறர் தனிப்பட்டுப் பேசுவதை அனுமதியில்லாமல் பதிவு செய்வதே குற்றம். சில இடங்களில் உரையாடுபவரே பதிவு செய்யத் தடையில்லை. சக ஊழியர்களிடம் "என் பக்கம் நில்லுங்கள்" என்று கேட்டால் பயந்து விலகுவார்கள். "மார்ச் 4 கூட்டத்தில் இந்த வாக்கியம் உங்கள் காதில் விழுந்ததா?" என்று மட்டும் கேளுங்கள்.

கெடுவைத் தவறவிடுவதும் அவசர ராஜினாமாவும்

உள் விசாரணை நடக்கிறதே என்று காத்திருப்பவர்கள் வெளியில் முறையிடும் உரிமையை இழக்க நேரலாம். இந்தியாவில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அவகாசம் 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். அமெரிக்காவில் பாகுபாட்டுப் புகாருக்குப் பொதுவாக 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். ஆஸ்திரேலியாவில் அநியாயப் பணிநீக்க மனுவுக்கு 21 நாள்தான். முதல் சம்பவத்தின்போதே தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ உங்களுக்குப் பொருந்தும் கெடுவைக் கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள்.

ராஜினாமாக் கடிதத்தில் மரியாதைக்காக "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிவிட்டால், கொடுமை தாங்காமல் வெளியேறினேன் என்று பிறகு சொல்வது மிகக் கடினம். ஆஸ்திரேலியாவில் கொடுமையை நிறுத்தும் உத்தரவைத் தொழில் தீர்ப்பாயத்திடம் கேட்கும் வழி, அந்த வேலையில் தொடரும் ஆபத்து இருப்பவருக்குத்தான். விலகியவருக்குப் பொதுவாக இல்லை. ஆனால் தூக்கம் போய், உடல் உடைந்துகொண்டிருந்தால், வழக்குக்காக அங்கேயே இருந்து உங்களைத் தொலைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது தலைவலி என்று மட்டும் சொல்லாமல், வேலையிடத்தில் நடப்பதையும் சொல்லி மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். விலகுவதென்றால் கடிதத்தில் இரண்டு வரி போதும்: இன்ன தேதியில் கொடுத்த புகாருக்குத் தீர்வு கிடைக்காததாலும், அதன்பின் இன்னின்ன நடவடிக்கைகள் வந்ததாலும் விலகுகிறேன் என்று. அனுப்புவதற்கு முன் அந்த இரண்டு வரியை வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.