கிராமர் பள்ளி: பையன் தேர்வில் ஜெயித்தும் இடம் போவது எப்படி?

லண்டனில் தமிழ்க் கடை, கோவில் திருவிழா, கல்யாண வீடு, எங்கே போனாலும் ஒன்பது பத்து வயதில் ஆண்பிள்ளை இருந்தால் ஒரு கேள்வி நிச்சயம்: "மகன் லெவன் பிளஸ் எழுதுறானா? எங்க ட்யூஷன்?" தேர்வு மதிப்பெண் பார்த்துப் பதினோரு வயதில் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு அது. அந்தப் பள்ளிகளில் இடம் எந்த முறையில் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டு வருடமாக ட்யூஷனுக்குக் காசு கட்டுகிற வீட்டில்கூட, பள்ளியின் சேர்க்கை விதிகளைப் பொறுமையாகப் படித்த ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பையன் தேர்வை ஒழுங்காகவே எழுதியிருப்பான், பெரியவர்கள் படிவத்தில் கோட்டை விட்டிருப்பார்கள்.

முதலில் பெயர். 'கிராமர்' என்று இருந்தாலே இலவசப் பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் கிராமர் பள்ளிகள் 163. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஒன்றும் கிடையாது. புதிதாகத் தொடங்க 1998 சட்டம் தடை போட்டுவிட்டது. ஆனால் மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் தனியார் பள்ளி, கட்டணம் உண்டு. ஹை வைகம்ப் ராயல் கிராமர் ஸ்கூலில் பீஸ் இல்லை. கில்ட்ஃபர்டில் இருக்கும் ராயல் கிராமர் ஸ்கூலில் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி வேறு. பள்ளியைச் சுற்றிக் காட்டும் ஓப்பன் ஈவினிங்குக்குப் போய் வந்த பிறகு இது தெரிந்தால் பையனுக்குத்தான் ஏமாற்றம்.

படிவத்தில் போகும் இடங்கள்

தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு, பள்ளிக்கு விண்ணப்பிப்பது வேறு. இரண்டையும் செய்ய வேண்டும். தேர்வுப் பதிவு பெரும்பாலும் இயர் 5, அதாவது ஐந்தாம் வகுப்பு, முடிகிற கோடையில் நடக்கும். கடைசித் தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும், பல இடங்களில் இயர் 6 தொடங்குவதற்கு முன்பே மூடிவிடுவார்கள். "செப்டம்பரில்தானே தேர்வு, லீவு முடிந்து வந்து பார்க்கலாம்" என்று ஊருக்குப் போகிற குடும்பங்கள் இங்கேதான் மாட்டும்.

தேர்வு முடிந்த பிறகு, அக்டோபர் 31க்குள் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) தரும் பொது விண்ணப்பத்தில் அந்தப் பள்ளியின் பெயரை எழுத வேண்டும். பள்ளி எந்தக் கவுன்சிலில் இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால், தேர்வில் பையன் எத்தனையாவதாக வந்திருந்தாலும் இடங்களை அறிவிக்கும் மார்ச் 1 அன்று அந்தப் பள்ளியிலிருந்து இடம் வராது. சில பள்ளிகள் தங்கள் துணைப் படிவத்தையும் தனியாகக் கேட்கும்.

அப்புறம் வரிசை. லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். "முதலாவதாகப் போடாவிட்டால் எடுக்க மாட்டார்கள்" என்று ஒரு பேச்சு வருடா வருடம் ஓடுகிறது. தவறு. எந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதைப் பார்த்து ஒரு பள்ளியும் முடிவு செய்யாது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி பையனுக்கு இடம் உண்டா இல்லையா என்று சொல்லும். உண்டு என்று சொன்ன பள்ளிகளில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பதைக் கவுன்சில் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தெருமுனைப் பள்ளி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அதை முதலாவதாகவும், கிங்ஸ்டனில் இருக்கும் டிஃபின் என்ற கிராமர் பள்ளியை இரண்டாவதாகவும் போடுகிறார்கள். பையன் டிஃபினுக்கும் தேறிவிட்டான். மார்ச் 1 அன்று கடிதத்தில் தெருமுனைப் பள்ளிதான் இருக்கும். டிஃபின் இடம் அப்போதே வேறு பிள்ளைக்குப் போயிருக்கும். இதே வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் டிஃபின் கிடைத்திருக்கும். டிஃபின் கைகூடாவிட்டாலும் தெருமுனைப் பள்ளிக்கான வாய்ப்பு கொஞ்சமும் குறைந்திருக்காது. நிஜமாகப் பிடித்த வரிசையில் எழுதினாலே போதும், இதில் தந்திரத்துக்கு இடமே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆறு இடத்தையும் கிராமர் பள்ளிகளால் நிரப்பிவிடுவது. ஒன்றும் கிடைக்காவிட்டால், எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே கவுன்சில் அனுப்பும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல பள்ளியை நீங்கள் கேட்கவே இல்லை என்பதால், அது கேட்டவர்களுக்குப் போயிருக்கும்.

தேறினால் இடம் உண்டு என்பது

முடிவு அக்டோபரில் வந்து, "தகுதி பெற்றார்" என்று பார்த்ததும் கேக் வெட்டிவிடுவோம். தேர்வு முடிவை அக்டோபர் 31க்கு முன் பெற்றோருக்குச் சொல்ல முயல வேண்டும் என்று இங்கிலாந்தின் சேர்க்கை விதித்தொகுப்பு பள்ளிகளிடம் கேட்கிறது. அது இடத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதையும் தெளிவாக்கச் சொல்கிறது. கடிதத்தின் கீழ்ப்பகுதியையும் படியுங்கள்.

இடம் கொடுக்கும் முறை இடத்துக்கு இடம் மாறும். பக்கிங்ஹாம்ஷயரில் தகுதி மதிப்பெண் 121. அதைத் தொட்டுவிட்டால், 121 எடுத்தவனுக்கும் 135 எடுத்தவனுக்கும் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. வீடு எங்கே, அண்ணன் அங்கே படிக்கிறானா என்பது போன்ற விதிகள்தான் அதற்குப் பிறகு பேசும். பார்னெட்டில் 1573ல் தொடங்கிய குயின் எலிசபெத்ஸ் ஆண்கள் பள்ளியில் கதை தலைகீழ். இந்தப் பகுதியில் குடியிருப்பவருக்கு முன்னுரிமை என்ற எல்லைப் பகுதி அங்கே கிடையாது, தேர்வு மதிப்பெண் வரிசையில்தான் இடம். அந்தப் பள்ளிக்காகப் பார்னெட்டில் வாடகைக்கு வீடு எடுத்தால் வாடகைதான் வீண். சட்டன் பக்கம் வில்சன்ஸ், சட்டன் கிராமர், வாலிங்டன் கவுண்டி கிராமர் ஆகிய ஆண்கள் பள்ளிகளுக்கு முதல் கட்டம் ஒரே பொதுத் தேர்வு. அதில் தேறினால் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம், இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கென்ட் தேர்வில் தேறியவர்களுக்கும் டன்பிரிட்ஜில் இருக்கும் ஜட் பள்ளி கிடைக்க மதிப்பெண் இன்னும் மேலே போக வேண்டும்.

முகவரி விஷயத்தில் விளையாட வேண்டாம். தூரம் பார்க்கும் பள்ளிகளில், எந்தத் தேதியில் எங்கே குடியிருந்தீர்கள், கவுன்சில் டாக்ஸ் பில் யார் பெயரில் இருக்கிறது என்பதையெல்லாம் கேட்பார்கள். மாமாவின் முகவரியைக் கொடுத்து இடம் வாங்கியது தெரிந்தால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ட்யூஷன் பற்றிக் கொஞ்சம்

எந்தப் பள்ளிக்கு எந்தப் பாடம் என்று பார்க்காமல், கடையில் கிடைக்கிற புத்தகத்தையெல்லாம் வாங்கிக் குவிப்பது பெரிய வீண். குயின் எலிசபெத்ஸ் தேர்வு ஆங்கிலமும் கணக்கும் மட்டும்தான். கென்ட்டில் சொற்களையும் வடிவங்களையும் வைத்து யோசிக்க வைக்கும் ரீசனிங்கும் உண்டு. குயின் எலிசபெத்ஸுக்கு மட்டும் எழுதப்போகிற பையனை வடிவங்களைச் சுழற்றிப் பார்க்க வைத்து ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். அந்த நேரத்தில் கதைப் புத்தகம் படித்தால் ஆங்கிலத் தாளில் நேரடியாகப் பலன் தெரியும்.

பயிற்சித் தேர்வில் 85 சதவீதம் எடுத்தான் என்பதற்கும் தனி அர்த்தம் கிடையாது. நிஜத் தேர்வில் மதிப்பெண்ணை வயதுக்கு ஏற்பச் சரிசெய்து தருவது வழக்கம். செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே வகுப்பில் இருப்பதால் இந்த ஏற்பாடு. அண்ணன் 85 எடுத்துத்தான் போனான், நீயும் 85 எடு என்று தம்பியிடம் சொல்வது இரண்டு பேருக்கும் பொருந்தாத கணக்கு.

விடைத்தாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பல பள்ளிகளில் கேள்வி ஒரு கையேட்டிலும், பதில் தனித் தாளிலும் இருக்கும். பதில் பெட்டிக்குள் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும், படிப்பது இயந்திரம். பையன் 17வது கேள்வி கஷ்டம் என்று விட்டுவிட்டு 18க்குப் போகிறான். ஆனால் 18இன் பதிலை 17இன் பெட்டியில் போட்டுவிடுகிறான். அங்கிருந்து எல்லாமே ஒரு படி தள்ளிப் போகும். கடைசிக் கேள்விக்கு வரும்போது ஒரு பெட்டி மிச்சம் இருப்பதைப் பார்ப்பான், அழிக்க நேரம் இருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புத்திக்குறைவு அல்ல, பழக்கக் குறைவு. ஐந்து கேள்விக்கு ஒரு முறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கத்தைத் தனி விடைத்தாள் வைத்து வீட்டிலேயே ஏற்படுத்துங்கள். ஒரு கேள்வியை விடுவதாக இருந்தால், ஏதாவது ஒரு பெட்டியில் கோடு போட்டுவிட்டு நகரச் சொல்லுங்கள். தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பார்களா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். காலையிலேயே பள்ளிக்குச் சொன்னால் பல பள்ளிகள் மாற்றுத் தேதி தரும். எழுதி முடித்த பிறகு "அன்றைக்கு உடம்பு சரியில்லை" என்றால் அது அவ்வளவாக எடுபடாது. பையனுக்குக் கூடுதல் நேரமோ பெரிய எழுத்துத் தாளோ தேவைப்பட்டால் பதிவு செய்யும்போதே சான்றுகளோடு கேளுங்கள்.

ரிசல்ட் பட்டியலைப் படிக்கிற விதம்

ஆகஸ்டில் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதுவது), ஏ லெவல் (பதினெட்டு வயதில் எழுதுவது) முடிவுகள் வந்ததும் வாட்ஸப் குழுக்களில் பட்டியல் பறக்கும். எந்தப் பள்ளி முதலிடம், ஜிசிஎஸ்இயின் உச்ச கிரேடான 9 எத்தனை. இதைப் பார்த்து, "அங்கே போனால் என் மகனும் இப்படி வருவான்" என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். மதிப்பெண்ணில் மேலே இருந்த பதினோரு வயதுப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்த பள்ளியில், பதினாறு வயதில் மதிப்பெண் மேலே இருப்பதில் என்ன ஆச்சரியம்? பள்ளி எவ்வளவு கூட்டிக் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

அதற்காகத்தான் ப்ராக்ரஸ் 8 என்ற அளவு. இயர் 6 முடிவில் எழுதும் சாட்ஸ் பொதுத் தேர்வில் இதே அளவு எடுத்த, நாடு முழுக்க உள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஜிசிஎஸ்இயில் எங்கே நிற்கிறார்கள் என்று அது சொல்லும். பூஜ்யம் என்றால் சராசரி. ஆனால் 2025, 2026 ஆண்டுகளுக்கு இந்த அளவு இல்லை. அந்தப் பிள்ளைகள் இயர் 6 படித்த 2020, 2021ல் கோவிட்டால் சாட்ஸ் தேர்வே நடக்கவில்லை. எனவே இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் அட்டெய்ன்மென்ட் 8 போன்ற வெறும் மதிப்பெண் அளவுகள்தான் கிடைக்கும். கிராமர் பள்ளிகளை அதிகம் அழகாகக் காட்டுவதும் அவைதான்.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கோரார்டும் நாடியா சித்திக்கியும் 2018ல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் முந்தைய மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் கணக்கில் சேர்த்த பிறகு, கிராமர் பள்ளிகளின் முடிவுகள் மற்றப் பள்ளிகளைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை என்று சொன்னது. கிராமர் பள்ளி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. படிப்பில் ஆர்வமுள்ள கூட்டாளிகள், அமைதியான வகுப்பு, சதுரங்கக் குழு, இசைக்குழு என்று விரும்பிப் போக எத்தனையோ காரணங்கள் உண்டு. பட்டியலில் இருக்கும் எண் மட்டும் அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

ஏ லெவல் எண்களில் இன்னொரு சிக்கல். பதினோரு வயதில் சேர்ந்த அதே பையன்களின் முடிவு அது அல்ல. டிஃபின், செயின்ட் ஓலேவ்ஸ் போன்ற ஆண்கள் பள்ளிகள் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது கடைசி இரண்டு வருடமான இயர் 12, 13ல், பெண்பிள்ளைகளையும் வெளிப் பள்ளி மாணவர்களையும் நல்ல ஜிசிஎஸ்இ மதிப்பெண் பார்த்துச் சேர்க்கின்றன. அந்த மதிப்பெண்ணை எட்டாத சொந்த மாணவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும். ஓப்பன் ஈவினிங்கில் கேட்க வேண்டியது இதுதான்: போன வருடம் இயர் 11 முடித்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே தொடர்கிறார்கள்? 2017ல் செயின்ட் ஓலேவ்ஸ் பள்ளி, இயர் 12ல் எதிர்பார்த்த கிரேடு வாங்காத மாணவர்களை இயர் 13க்கு வர வேண்டாம் என்று சொல்லி, பெற்றோர் வழக்குப் போட்டதும் பின்வாங்கியது. சிக்ஸ்த் ஃபார்மில் ஒருமுறை சேர்ந்தவரை மதிப்பெண்ணுக்காக நடுவில் நீக்க முடியாது.

பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தந்த அறிக்கையின் தேதியையும் பாருங்கள். 'மிகச் சிறப்பு' என்று பெயரெடுத்த பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்வே கிடையாது என்று விட்டிருந்தார்கள். ஒற்றைச் சொல் மதிப்பீடும் 2024 செப்டம்பரில் போய்விட்டது. வாசல் பேனரில் இருக்கிற சொல் சில நேரம் பழைய கதை.

உள்ளே போன பிறகு

ஆரம்பப் பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்தவன், இங்கே நூற்றி எண்பது பேரில் நூற்றி இருபதாவது. கிறிஸ்துமஸுக்கு முன் ரிப்போர்ட் வருகிறது, கணக்கில் 'எதிர்பார்த்த அளவு'. வீட்டில் இடி விழுந்தது போல ஒரு அமைதி, அடுத்த வாரம் புது ட்யூஷன். இது அவசரப்படுவது. எல்லோரும் முதலாவதாக வந்தவர்களாக இருக்கிற வகுப்பில் பாதிப் பேர் நடுவுக்குக் கீழேதான் இருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது ஹோம்வொர்க், வகுப்பில் பேசுவது பற்றிய ஆசிரியர் வரிகள்.

பயணத்தையும் குறைத்து மதிப்பிடுகிறோம். ஈஸ்ட் ஹாமிலிருந்து பார்னெட் போய் வருகிற பதினோரு வயதுப் பையனுக்கு ஒரு நாளில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? சேரும் முன், பள்ளி தொடங்கும் நேரத்துக்கே ஒரு திங்கட்கிழமை காலையில் அவனோடு போய்ப் பாருங்கள். மிருதங்கத்தையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியையும் இயர் 5ல் "இப்போதைக்கு" நிறுத்திய வீடுகளில், அந்த இப்போதைக்கு முடிகிற நாள் சுலபத்தில் வருவதில்லை.

மார்ச் 1 அன்று இடம் கிடைக்கவில்லை என்றால்

காத்திருப்புப் பட்டியல் உண்டு, டிசம்பர் 31 வரையாவது அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் முதலில் சேர்ந்தவருக்கு முதலிடம் என்ற முறை இல்லை. பள்ளியின் விதிப்படிதான் வரிசை, அதனால் புதிதாக ஒருவர் உங்களுக்கு மேலே வரலாம். தனிக் குழுவிடம் மேல்முறையீடும் செய்யலாம். தகுதி மதிப்பெண்ணை எட்டாத பையனுக்கு, அவன் அந்தத் தரத்தில் இருக்கிறான் என்பதற்கு ஆரம்பப் பள்ளியின் சான்று வேண்டும். ட்யூஷன் சென்டர் கொடுத்த தாள் அதற்கு ஈடாகாது.

இந்தக் கோபத்தில் கவுன்சில் கொடுத்த பள்ளியை மட்டும் மறுத்துவிடாதீர்கள். மறுப்பதால் கிராமர் பள்ளியின் வரிசையில் ஒரு படிகூட மேலே போக மாட்டீர்கள், ஏற்றுக்கொள்வதால் கீழே இறங்கவும் மாட்டீர்கள். மறுத்துவிட்டு, மேல்முறையீடும் தோற்றால், செப்டம்பரில் பையனுக்கு எந்தப் பள்ளியும் இருக்காது.