மதுரை வெயில்: சுற்றிப் பார்க்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் மதுரைக்கு வருபவர்களில் பலர் வெயிலை வியர்வையை வைத்தே அளக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஏப்ரல் நடுவில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.17 மணிக்கு. அப்போது ஒரு குச்சியை நட்டால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரும் அந்த நேரத்தில்தான் அதிகம். காற்றின் சூடு உச்சத்தைத் தொடுவதோ 2 மணிக்கு மேல். 11 மணிக்கு "இன்னும் அவ்வளவாகச் சுடவில்லை" என்று வெறுந்தலையோடு நடந்தால் ராத்திரி கழுத்தும் தோளும் காந்தும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டதா, குடையை விரித்துவிடுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு 11.30-க்குப் போவது அடுத்த தவறு. நடை 12.30 வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வெளியே வரும்போது ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. நார் விரிப்பு போட்டிருந்தால் அதைவிட்டு இறங்காதீர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கே போய்விடுங்கள். கல் குளிர்ந்து கிடக்கும், பொற்றாமரைக் குளத்துப் படியில் நிதானமாக உட்காரலாம். வெயிலை ரசிக்கவும் அதுதான் நேரம். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறவர்களும் 8.30-க்குள் இறங்கிவிட வேண்டும். பாறை வாங்கிய சூட்டைச் சாயங்காலம் வரை விடாது. உச்சிப்பொழுதைத் திருமலை நாயக்கர் மகால் தூண் நிழலுக்கு ஒதுக்குங்கள்.

மாநிறம், கறுப்பு என்றால் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பதும் தப்பு. எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு, டப்பாவிலேயே போட்டிருக்கும்) 30-க்குக் குறையாததாக, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுத்து, கிளம்ப 15 நிமிடம் முன்பே தடவுங்கள். வியர்வையில் கரைந்துவிடும் என்பதால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். வியர்த்துக் கொட்டும்போது உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடியுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சி உடம்புக்குக் கெடுதல். ஜிகர்தண்டா அருமையானதுதான், ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. தாகத்துக்கு அது ஆகாது, சாயங்காலம் ருசிக்குக் குடியுங்கள்.

உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெறும் களைப்பு இல்லை. உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.