சீன நிறுவனத்தில் ஊடகப் பொறுப்பாளராகச் சேருகிறீர்களா?

உறவினர் பையன் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து கேட்டார்: கொழும்பில் ஒரு சீனக் கட்டுமான நிறுவனம் ஊடகத் தொடர்பு வேலைக்குக் கூப்பிடுகிறது, போகலாமா? தாராளமாகப் போகலாம், சம்பளம் தேதி தவறாமல் வரும் என்றேன். அப்படிப்பட்ட நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேரும் முன்பே ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பத்திரிகையாளர் அழைத்தால் அன்றைக்கே பதில் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அரசுடைமைச் சீன நிறுவனங்களில் பெரும்பாலும் உள்ளூர் முகாமையாளருக்கு அது கிடையாது. அறிக்கை பெய்ஜிங் போக வேண்டும், வீசாட் என்ற சீனக் குறுஞ்செய்திச் செயலியின் குழுவில் ஐந்தாறு பேர் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் நிருபர் மாலை ஆறு மணிக்கு அழைக்கும்போது அங்கே எட்டரை, அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மறுநாள் செய்தியின் அடியில் "நிறுவனத்தின் கருத்தைப் பெற முடியவில்லை" என்ற வரி வரும். வாசிப்பவர் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். பல நாள் எங்களிடம் மறைக்க ஒன்றும் இருந்ததில்லை. ஒப்பமிடத்தான் ஆள் இல்லை.

இதற்கு நான் கண்ட மருந்து, வரக்கூடிய இருபது கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி அனுமதி வாங்கி வைப்பது. வேலையாட்களில் உள்ளூரார் எத்தனை பேர், நிலம் யாருடையது, புழுதிக்கு என்ன செய்கிறீர்கள், விபத்து நடந்தால் யார் பேசுவார் என்ற வகைக் கேள்விகள். உள்ளூர் வேலையாட்களின் எண்ணிக்கையை மாதாமாதம் நீங்களே வெளியிடுங்கள். சீனாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்குகிறார்கள் என்ற வதந்தி ஆப்பிரிக்காவிலும் ஓடியது, இலங்கையிலும் ஓடியது. அது எண் இல்லாத இடத்தில்தான் வளர்கிறது. அக்டோபர் முதல் வாரத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன் இந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பெய்ஜிங்கில் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்தது கடினமான வேலை. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் ஊரும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற நம்பிக்கையை உங்கள் மேலதிகாரியின் மனதிலிருந்து எடுக்க வேண்டும். அவருடைய நாட்டில் அது பெரும்பாலும் செல்லுபடியாகியிருக்கும். அவரிடம் இரண்டு கதைகளைச் சொல்லுங்கள். மியன்மாரில் ஐராவதி ஆற்றில் 360 கோடி டொலர் மதிப்பிலான மியித்சோன் அணை. சீனர்கள் அங்கிருந்த இராணுவ ஆட்சியோடு பேசி முடித்துக் கட்டத் தொடங்கினார்கள். 2011 செப்டம்பர் 30 அன்று ஜனாதிபதி தெய்ன் செய்ன் மக்களின் எதிர்ப்பைச் சொல்லி வேலையை நிறுத்தினார். மற்றது நம் வாசலிலேயே நடந்தது. 2014 செப்டம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் நேரில் வந்து தொடக்கி வைத்த கொழும்புத் துறைமுக நகரத்தை 2015 மார்ச்சில் புதிய அரசு நிறுத்திவைத்தது. 2016இல் வேலை மீண்டும் தொடங்கியபோது, கட்டும் சீன நிறுவனத்துக்கு முழு உரிமையாகக் கொடுப்பதாக இருந்த 20 ஹெக்டேயரும் 99 வருடக் குத்தகையாக மாறியிருந்தது. ஆட்சி மாறினால் கையெழுத்தின் கனமும் மாறும்.

ஆகவே, ஊருக்குப் போங்கள். எப்படிப் போகக் கூடாது என்பதை நான் அனுபவப்பட்டே கற்றேன். மேற்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் எங்கள் மண் அள்ளும் கப்பல் போன பாதையில் வலைகள் அறுந்துவிட்டன என்று முறைப்பாடு. முகாமையாளர் நல்ல மனிதர். இருநூறு பள்ளிக்கூடப் பைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். புகைப்படக்காரரும் கூடவே வந்தார். மீனவர் வாடிக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். படகும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு வயதான சம்மாட்டி பையொன்றை வாங்கி, திறந்து பார்த்து, மூடி, என்னிடமே திருப்பித் தந்தார். "தம்பி, பை நல்ல பைதான். இதற்குள் என் வலையை எப்படி வைப்பது?" மொழிபெயர்க்கச் சொல்லி முகாமையாளர் என்னைப் பார்த்தார். "நன்றி சொல்கிறார்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னதை அப்படியே சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து வலைக் கணக்கை எடுக்க ஓர் ஆளை அனுப்பினார். உங்கள் வேலையின் பாதி, சொன்னதைச் சொன்னபடி உள்ளே கொண்டுபோவது. வெளியே சொல்வது மற்றப் பாதி.

அறிக்கைகளில் "இருதரப்புக்கும் வெற்றி", "ஆழமான நட்புறவு" என்றெல்லாம் வரும். வெட்டிவிடுங்கள். கிணற்றில் உப்பு ஏறுகிறது என்று ஒருவர் சொல்லும்போது நட்புறவைப் பற்றிப் பேசினால், கேலி செய்வதாகத்தான் படும்.

பெயர்ப்பலகையை அச்சுக்கு அனுப்பும் முன் நீங்களே பாருங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். 2021 மே மாதம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் திறந்த நூலகத்தின் பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது. தமிழைக் காணவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் பலகையை அகற்ற வேண்டியதாயிற்று. அரச மொழியொன்றை விட்டுவிட்டுச் சீனத்தைப் போட்ட ஒரு பலகைதான் செய்தியானது, நூலகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீங்கள் எந்த நிறுவனத்தில் இருந்தாலும், தெற்கே சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றிக் கேட்பார்கள். விவரம் கைவசம் இருக்கட்டும். 2017இல் சைனா மேர்ச்சண்ட்ஸ் போர்ட் என்ற சீன நிறுவனம் 112 கோடி டொலர் கொடுத்து 99 வருடக் குத்தகை எடுத்தது. அந்தப் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை உயர்த்தியது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, அரசாங்கம்தான் கட்ட வேண்டும். ஆகவே, "கடனுக்காகத் துறைமுகத்தைப் பறித்தார்கள்" என்பது கணக்கில் நிற்காது. ஆனால் இதை வெற்றிக் களிப்போடு சொல்லாதீர்கள். மக்களுக்கு உறுத்துவது 99 என்ற எண். இதை என் முகாமையாளரிடம் விளக்கப் பல நாள் முயன்றேன். கடைசியில், 1898இல் பிரிட்டன் சீனாவிடமிருந்து ஹாங்காங்கின் புதிய பிரதேசங்களை எத்தனை வருடக் குத்தகைக்கு எடுத்தது என்று கேட்டேன். அதுவும் 99தான். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு அவர் எரிச்சலோடு பதில் சொன்னதேயில்லை.

கோபத்தில் அறிக்கை விட வேண்டாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021இல் சீவின் என்ற சீன நிறுவனத்தின் சேதனப் பசளையில், அதாவது இயற்கை உரத்தில், தீங்கான பக்டீரியா இருக்கிறதென்று இலங்கையின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை நிராகரித்தது. நிறுவனம் அந்தச் சேவையின் அதிகாரியிடமே 80 லட்சம் டொலர் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியது. பசளைக்குப் பணம் தராத இலங்கை அரச வங்கியான மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இறுதியில் இலங்கை 67 லட்சம் டொலர் கட்டியது. பணம் கிடைத்தது, உண்மைதான். பசளையைப் பற்றிய அந்தப் பேச்சு இன்றும் ஊரில் நிற்கிறது. தூதரகம் உங்களுக்காகப் பேச முன்வந்தால் பணிவோடு தடுத்துவிடுங்கள். அவர்கள் வாய் திறந்ததும் வலைத் தகராறு வல்லரசுத் தகராறாகிவிடும்.

முதல் வாரமே கிராம சேவகரையும் மீனவர் சங்கத் தலைவரையும் கோயில், விகாரை, தேவாலயப் பெரியவர்களையும் தனித்தனியாகப் பாருங்கள், வெறுங்கையோடு. கரைக்குப் போவதானால் காலை ஐந்தரைக்குப் போங்கள். ஏழு மணிக்குப் பிறகு அங்கே மீனும் இருக்காது, பேச ஆளும் இருக்காது.