ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறவங்களுக்கு

வன்னிக்காரருக்கு உயரம் என்றால் குளத்துக்கட்டுதான், அதனால் மலைநாட்டில் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளிக்கு வான் பிடிக்கும்போது முதலில் ஸ்வெட்டரை எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அது 2,100 மீற்றருக்கு மேலே. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி கூட இருக்கும். நான் ஒரு சாரத்தைப் போர்த்திக்கொண்டு நடுங்கியது போதும்.

நடைபாதை ஒரு வட்டம், சுமார் 9 கிலோமீற்றர், தொடங்கின இடத்துக்கே திரும்பி வரும். பாதை பிரியும் இடத்தில் அருவிப் பக்கம் போகாமல் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் பக்கமாகத் திரும்புங்கள், ஏனென்றால் காலை 9, 10 மணிக்கெல்லாம் மேகம் ஏறி அந்தப் பள்ளத்தாக்கை மூடிவிடும், பிறகு வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். பேக்கர் அருவி எங்கேயும் ஓடாது, வெயில் ஏறிய பிறகும் அழகுதான். 20 மீற்றர் உயரம்தான், ஆனால் கீழே இறங்கும் பாதை செங்குத்து, ஈரத்தில் வழுக்கும், ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். நம்ம வாய்க்காலில் குதிக்கிற மாதிரி குளிக்கவும் நினைக்க வேண்டாம்.

சாப்பாட்டை லஞ்ச் சீற் என்கிற பொலித்தீன் தாளில் சுற்றாமல் பெட்டியில் போடுங்கள். வாசலில் பையைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தல் லேபிளைக்கூட உரிப்பார்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரை கிட்ட வந்து நிற்கும், பிள்ளைகள் பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.