டிராயரில் செத்துக் கிடந்த டேப்லெட்

ஏழு அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று எட்டு மாதமாக டிராயரில் கிடந்தது. மகள் படம் வரையக் கேட்டாள் என்று எடுத்தால், பவர் பட்டனை எவ்வளவு அழுத்தியும் உயிர் இல்லை. லேப்டாப்பில் செருகி இரவு முழுக்க விட்டேன். காலையிலும் அதே கதை. கடைக்காரர் கையில் வாங்கிய உடனே, "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வந்து சார்ஜர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மைக்ரோ யூஎஸ்பியின் நடு நாக்குக்கு அடியில் பஞ்சுபோல் தூசி. பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். (குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் பின் வளைந்தால் அவ்வளவுதான்.) அப்புறம் 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் போட்டேன். லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 துளை தருவது வெறும் 500 மில்லி ஆம்பியர். அடியோடு வற்றிய லித்தியம் பேட்டரி முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. நாற்பது நிமிடம் கழித்து பேட்டரி படம் எட்டிப் பார்த்தது.

ஆன் ஆனதும் அடுத்த தலைவலி. வைஃபை இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்கிறது. தேதியைப் பார்த்தால் 1970 ஜனவரி 1! பேட்டரி அடியோடு வற்றியதில் கடிகாரமும் நின்று ஆரம்பத்துக்கே போய்விட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. 1970-இல் அவை பிறக்கவே இல்லையே. தேதியைக் கையால் மாற்றினேன், எல்லாம் திறந்தது.

பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்குகிறது. சரி, படம் வரைய அது போதும்.